நரகத்துக்கு ஐஸ் கொண்டுபோனவர்

உபதேசியார் தாவீதைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. அவர் குடித்ததில்லை, குடித்தால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. மனைவி லூர்தம்மாளைக் கை நீட்டி அடித்ததில்லை. லூர்தம்மாள் அவரைவிட நல்ல உயரம், கையும் கொஞ்சம் கனம். யாரையும் ஏமாற்றிப் பிழைத்ததில்லை. ஏமாற்றிப் பிடுங்கும்படி அந்த ஊரில் யாரிடமும் எதுவும் இருந்ததில்லை. இப்படி அவருடைய ஒவ்வொரு நற்குணத்துக்குப் பின்னாலும் ஒரு காரணம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. நரகத்தின்மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கைக்கு மட்டும் எந்த முட்டும் தேவைப்படவில்லை. அதை முழுமனதாக நம்பினார். 1969-ஆம் ஆண்டு கத்திரி வெயில் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம். காலராவில் பெற்றோர் இருவரும் போய்விட, மிஷன் விடுதியில் வளர்ந்தார். எழுத்து, ஜெபங்கள், ஆர்மோனியத்தில் மூன்று பாட்டு, யாரைக் கண்டாலும் எழுந்து நிற்கும் பழக்கம், இவ்வளவும் அங்கே கிடைத்தன. 1949-இல் அவரை வடதாங்கலுக்கு உபதேசியாராக அனுப்பினார்கள். ஓரகடத்திலிருந்து வல்லம் போகும் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய சின்ன ஊர். ஒரு தெரு முழுக்கக் கிறிஸ்தவர்கள்; அவர்களுக்கு ஓர் அந்தோணியார் கோயில். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வதும் பிரசங்கம் செய்வதும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்றுக்கொடுப்பதும் உபதேசியார் வேலை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போக வேண்டும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார வேண்டும்.

சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் கோயிலை ஒட்டி, மிஷனுக்குச் சொந்தமான இரண்டு அறை ஓட்டு வீடு ஒன்று இருந்தது. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். மழையில் ஒழுகாத வீடு என்று தாவீதுக்கு வாழ்நாளில் வாய்த்தது அது ஒன்றுதான். ஒரே மகள் லீலாவைத் தாம்பரத்தில் ரயில்வே கலாசி ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் இருந்த ஒற்றை அறையில் ஏற்கெனவே ஆறு பேர்.

தாவீதின் பிரசங்கத்துக்கு ஒரே பொருள். எந்த ஞாயிறு எந்த வாசகம் வந்தாலும், கானாவூர்க் கல்யாணமானாலும் அப்பம் பலுகிய அற்புதமானாலும், அவர் சுற்றி வளைத்து நரகத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். நரகம் எங்கோ இல்லை, நம் காலுக்கடியில் இருக்கிறது என்பது அவருடைய தனிச் சேர்க்கை. "நம்ம ஏரி கோடையில வெடிச்சிக் கெடக்குதே, அந்த வெடிப்புங்க இன்னான்னு நெனைக்கிறீங்க? நரகத்தோட ஜன்னலு. காத வெச்சிக் கேட்டுப் பாருங்க." பிள்ளைகள் காது வைத்துக் கேட்கவில்லை. ஏரிக்குள் இறங்குவதையே விட்டுவிட்டார்கள். கோடையில் காய்ந்த ஏரியைக் குறுக்கே கடந்தால் கால் மணியில் போய்விடக்கூடிய மேய்ச்சல் நிலத்துக்கு, கரையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெற்றோர்கள் இதைச் சாமியாரிடம் சொன்னார்கள். பழைய சாமியாருக்குக் காது மந்தம். அதனால் சிக்கல் எழவில்லை.

அவருக்குப் பிறகு வந்த ராஜாமணி சாமியாருக்குக் காது நன்றாகக் கேட்டது. முப்பது வயதுகூட ஆகாதவர். மோட்டார் சைக்கிளில் வருவார். 1969 மே மாதப் பூசை முடிந்ததும் தாவீதை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"உபதேசியாரே, நரகம் ஓர் இடமில்ல. அது ஒரு நிலை. கடவுள விட்டு மனுஷன் விலகி நிக்கிற நிலை."

"நிலைன்னா சாமி... அதுல நெருப்பு?"

"நெருப்பு ஓர் உவமை."

"உவமைக்கெல்லாம் நம்ம ஜனங்க பயப்பட மாட்டாங்க சாமி."

"பயப்படவே வேணாம்னுதான் சொல்றேன். பூமிக்கடியில அடுப்பு எரியுதுன்னா இந்தக் காலத்துல யார் நம்புவா? ஜனங்க சிரிக்கிறாங்க." சாமியார் கொஞ்ச நேரம் வண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மதராஸ்ல பயிற்சி முடிச்ச பையன் ஒருத்தன் இருக்கான். கிட்டார் வாசிப்பான். அந்தோணியார் திருவிழா வரைக்கும் பாப்போம். அப்புறம் சொல்றேன்."

திருவிழா ஜூன் பாதியில். தாவீது வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். லூர்தம்மாள் அழவில்லை. பரணில் இருந்த பெரிய பாத்திரங்களை இறக்கித் துலக்கினாள். ஒரு பழைய புடவையை விரித்து ஒவ்வொன்றாக அதில் வைத்தாள்.

"இப்பவே எதுக்கும்மே மூட்ட கட்டற?"

"கட்டி வெச்சா அவுத்துக்கலாம். நீ பாட்டுக்கு நரகம் நரகம்னு கத்திகினு இருந்த. இப்ப லீலா வூட்டு வாசப்படியில போயிப் படு. தெரியும் சூடு."

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே சர்க்கார் துளைப்பு முகாம் ஒன்று கலைந்துகொண்டிருந்தது. பூமிக்கடியில் நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். ஆயிரம் அடி துளைத்தார்கள். கரி கிடைக்கவில்லை, இலையின் தடம் பதிந்த கறுப்புக் களிக்கற்கள் கிடைத்தன. இயந்திரத்தை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, துளையை மட்டும் மூடி போட்டு வைத்திருந்தார்கள். பூமிக்குள் எவ்வளவு சூடு என்று அளந்துவிட்டு நிரந்தரமாக அடைத்துவிடப் போவதாகச் சொன்னார் அதிகாரி பரசுராமன். துளைத்தபோது உண்டான சூடு ஆறி, துளை தன் சொந்தச் சூட்டுக்குத் திரும்புவதற்காகக் காத்திருந்தார்களாம்.

இது டீக்கடைக்கு எட்டியதும் டெய்லர் சுப்பராயனுக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை. அந்த ஊரின் நாத்திகர் அவர். கறுப்புச் சட்டைதான் போடுவார். அதைத் தானே தைத்துக்கொள்வார். தாவீதும் அவரும் தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருபது ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வராத நாளில் இன்னொருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

"இன்னா உபதேசியாரே, சர்க்காரு ஒங்க நரகத்துக்குக் கூரையப் பிச்சிப் போட்டுட்டான். நீங்க இன்னா, டீ குடிச்சிகினு கீறீங்க?"

"பிக்கட்டும் டெய்லரே. எட்டிப் பாத்து ஒங்க தாத்தா சௌக்கியமான்னு விசாரிச்சிகினு வாங்க."

"எங்க தாத்தா அங்க இருந்தாருன்னா இந்நேரம் சாத்தானுக்கே அளவெடுத்து ஜிப்பா தெச்சிருப்பாரு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாவீதுக்குச் சாமியார் சொன்னது ஞாபகம் வந்தது: ஜனங்க சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். பந்தயம் கட்டினார். துளைக்கு அடியில் இருக்கும் சூடு வெளியே நிழலில் இருக்கும் சூட்டைவிட அதிகமாக இருந்தால், சுப்பராயன் திருவிழா அன்று கறுப்புச் சட்டையோடு அந்தோணியார் சப்பரத்துக்குத் தோள் கொடுக்க வேண்டும். குறைவாக இருந்தால், தாவீது அந்த ஊரில் இனி நரகத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

அவர் கணக்கு எளிமையானது. சாமியார் நம்பாமல் போகலாம். சர்க்கார் தெர்மாமீட்டரை எப்படி நம்பாமல் இருப்பார்? அடியில் சூடு என்று அதிகாரியே சொல்லிவிட்டால் தாவீது இருபது ஆண்டுகள் சொன்னது சரி என்றாகிவிடும். சரியாகச் சொன்னவனை வீட்டைவிட்டு எப்படி அனுப்புவது?

அடுத்த வாரம் பரசுராமன் ஜீப்பில் வந்தார். சைக்கிளும் நாணயமும் உள்ள ஓர் ஆள் வேண்டும் என்று டீக்கடையில் கேட்டார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குக் காலை ரயிலில் ஐஸ் கட்டி வரும். அதை மதியத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

"நம்ம உபதேசியார அனுப்புங்க சார்," என்றார் சுப்பராயன், ஊசியில் நூல் கோத்தபடியே. "ஒரு சில்லுகூடக் கொறையாது. நரகத்துக்குப் பயந்த மனுசன்."

பூமியின் சூட்டை அளக்க ஐஸ் எதற்கு என்று தாவீது கேட்டார். பரசுராமன் ஓர் இரும்புக் குழாயைத் திறந்து உள்ளே இருந்த தெர்மாமீட்டரைக் காட்டினார்.

"ஜுரம் பாக்கிற தெர்மாமீட்டர் தெரியுமில்ல? அதே வகைதான். ஏறின பாதரசம் தானா இறங்காது. அதனாலதான் ஆயிரம் அடி கீழ போன சூட்டை மேல வந்து படிக்க முடியுது. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி ஐஸ்ல வெச்சு உதறி நல்லா இறக்கிடணும். இல்லன்னா உங்க ஊரு வெயில்தான் அதுல நிக்கும். ஒரு தடவை வேற கேம்ப்ல ஒருத்தர் ஐஸ மறந்துட்டார். வெயில்ல கிடந்த குழாய அப்படியே இறக்கிட்டாங்க. ஐம்பத்திரண்டுன்னு காட்டுச்சு. மேலிடத்துல என்ன அங்க எரிமலையான்னு கேட்டாங்க."

தாவீது சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு என்ற எண் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"கீழ அவ்ளோ சூடு இருக்காதா சார்?"

"ஆயிரம் அடியிலயா? இருக்காது. பூமி ரொம்பப் பெரிசுங்க. நாங்க துளைச்சது ஊசி குத்தினது மாதிரி."

அன்று முழுவதும் தாவீது எதையும் தீர்மானிக்கவில்லை. மனிதர்கள் இப்படிப்பட்ட விஷயங்களைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்காமல் வைத்திருப்பதுதான் அவர்கள் வழி. மறுநாள் விடியலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஸ்டேஷனில் ஐஸ் கட்டியை வாங்கி, உமி போட்டு, கோணியில் சுற்றி, கேரியரில் கட்டினார். நியாயமான வேகத்தில் பாதி தூரம் வந்தார்.

அங்கே சாலையில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். பீப்பாய்களில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. கீழே விறகு எரிந்தது. காலில் கோணியைச் சுற்றிக் கட்டிக்கொண்ட பெண்கள் வாளிகளில் கொதிக்கும் தாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேலே கத்திரி வெயில். புகையில் முகங்கள் தெரியவில்லை. தாவீது இருபது ஆண்டுகளாக வர்ணித்துவந்த காட்சியில் ஒன்றும் பாக்கியில்லை. சாத்தானுக்குப் பதில் ஒரு மேஸ்திரி குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தாவீது இதை அந்தச் சாலையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். பிரசங்கத்துக்கு உதவும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை.

அவர் சைக்கிளைப் புங்கமரத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம், என்று சொல்லிக்கொண்டார். கோணியிலிருந்து தண்ணீர் சொட்டி மண்ணில் குழி பறித்தது.

தண்ணீர் குடிக்க மரத்தடிக்கு வந்த முனியம்மாள் என்ற கூலிக்காரி அதைப் பார்த்தாள். "இன்னா சாமி, மூட்ட அழுவுது?"

"ஐஸு."

"நெசமாவா? ஐஸா? யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல. சர்க்காரு வேல."

"சர்க்காருக்கும் புழுங்குதா?" என்று அவள் சிரித்தாள். சிரித்தபடியே கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்கத் தார்க் கொப்புளம்.

தாவீது ஒரு கல்லை எடுத்துக் கட்டியின் மூலையை உடைத்துக் கொடுத்தார். அவள் அதைக் கொப்புளத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டாள். எல்லோரும் வந்தார்கள். தாவீது உடைத்து உடைத்துக் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டார்கள், கழுத்தில் வைத்துக்கொண்டார்கள், ஒருத்தி முந்தானையில் முடிந்துகொண்டாள். மேஸ்திரியும் குடையை மடக்கிவிட்டு வந்து ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் சாமி, ஒன் புள்ள குட்டிங்க நல்லா இருக்கணும்," என்று முனியம்மாள் வாழ்த்தினாள். இருபது ஆண்டு ஊழியத்தில் யாரும் அவரை அப்படி மனமார வாழ்த்தியதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவனுக்குப் பரலோகத்தில் பலன் உண்டு என்று அவரே பலமுறை படித்திருக்கிறார். அது பிறத்தியார் ஐஸ் என்பதும், அதைக் கொடுப்பது ஒரு பொய்யான எண்ணை உண்டாக்குவதற்கு என்பதும் அந்த வாசகத்தில் எங்கே பொருந்தும் என்றுதான் தெரியவில்லை.

அவர்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு மிச்சமிருந்த துண்டு கரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்வது பாவம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. வஞ்சகம், கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வஞ்சகம். இதற்கு நரகத்தில் என்ன தண்டனை என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அதனால் பயம் வரும் என்று காத்திருந்தார்.

பயம் வரவில்லை.

அதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வந்தது. லூர்தம்மாள் கட்டிவைத்த பாத்திர மூட்டை நினைவுக்கு வந்தது. லீலாவின் மாமியார் முகம் வந்தது. நரகம் மட்டும் வரவில்லை. அதை வலிய நினைத்துப் பார்த்தார். நெருப்பையும் புழுவையும் பல் கடிப்பையும் வரிசையாக நினைத்தார். எல்லாம் பிறருடைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்போல ஒழுங்காக வந்து நின்றன. ஒன்றும் சுடவில்லை. இதற்கு முன் தான் எப்போதாவது பயந்திருக்கிறோமா என்று யோசித்தார். பயமுறுத்தியது நன்றாக நினைவிருந்தது. பயந்த நாள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்த மரத்தடியில் அவருக்கு நேர்ந்தது இவ்வளவுதான். ஆனால் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் கூரை சரிவதுபோலச் சத்தமில்லாமல் சரிய இவ்வளவு போதும். அவர் ஈரக் கோணியை மடித்துக் கேரியரில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

துளையைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. வெயில் தாங்காமல் எல்லார் தலையிலும் துண்டு. கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க லூர்தம்மாள் மண்பானையோடு வந்து கூடாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடாரத்தின் நிழலில் தொங்கிய தெர்மாமீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. இரும்புக் குழாய் வெயிலில் கிடந்தது. தொட முடியாத சூடு. தாவீதின் கண் நேரே அதன் மீதுதான் போனது.

"ஐஸ் எங்கய்யா?" என்றார் பரசுராமன்.

"கரைஞ்சிடுச்சு சார்." அது பொய்யும் இல்லை.

பரசுராமன் கோணியைப் பார்த்தார், தாவீதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அளந்து முடித்தாக வேண்டும், மறுநாள் துளையை அடைக்க ஆட்கள் வருகிறார்கள். தாவீதுக்கு அது தெரியும். "சரி விடுங்க. இந்த வெயிலுக்கு எதுதான் நிக்கும்," என்று சொல்லிவிட்டு அதிகாரி குழாயைத் துணியால் பிடித்து எடுத்தார். தெர்மாமீட்டரை வெளியே உருவினார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏம்மா, பானையில தண்ணி ஜில்லுனு இருக்கா?"

"பனிக்கட்டி மாதிரி கீது சார்," என்றாள் லூர்தம்மாள் பெருமையோடு. அந்தப் பானையின் குளிர்ச்சியில் அவளுக்கு எப்போதும் கர்வம் உண்டு.

அதிகாரி தெர்மாமீட்டரைப் பானைக்குள் விட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்து உதறினார். மறுபடியும் விட்டார், மறுபடியும் உதறினார். "இருபத்தாறு. போதும். கீழ இருக்கறது இதவிட அதிகமாத்தான் இருக்கும்." குழாயையும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி ஆற்றிவிட்டு, கம்பியில் மாட்டி, துளைக்குள் இறக்கினார். தாவீது தன் மனைவியின் பானையைப் பார்த்தபடி நின்றார். ஒரு கட்டி ஐஸும் ஓர் ஆத்துமாவும் வீணாகிவிட்டன.

ஒரு மணி நேரம் கழித்துக் குழாய் மேலே வந்தது. பரசுராமன் தெர்மாமீட்டரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"முப்பத்தாறு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு சுப்பராயன் கூடாரத்து நாற்பத்தொன்றைக் காட்டி, "நரகத்தவிட நம்ம ஊரு சூடுடா டேய்!" என்று கத்தினார். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"அப்ப செத்தா நேரா அங்கயே போயிடலாம். நெழலா இருக்கும்."

"கத்திரி முடியற வரிக்குமாவது எறங்கி இருந்துட்டு வரலாமா சார்?"

"உபதேசியாரே, எடம் இருந்தா நமக்கும் ஒரு பாய் போட்டு வைங்க."

தாவீது அதிகாரிக்கு அருகில் போனார். "சார், இன்னும் கீழ போனா?"

"கீழ போனா ஏறும். நூறடிக்கு அரை டிகிரி, முக்கா டிகிரி. இருபது இருபத்தஞ்சு மைலுக்குக் கீழ மேன்டில்னு ஒரு பகுதி இருக்கு. பூமியில முக்காவாசி அதுதான். அங்க ஆயிரம் டிகிரிக்கு மேல. இன்னும் அடியில மூவாயிரத்தையும் தாண்டும்."

"பாத்தியா டெய்லரே!" என்றார் யாரோ. சுப்பராயன் விரலை ஆட்டினார். "பந்தயம் ஆயிரம் அடிக்கு. மேன்டிலுக்கு இல்ல."

"அங்க நெருப்பு இருக்குங்களா சார்?" தாவீதின் குரல் தாழ்ந்திருந்தது.

"நெருப்பு எரியக் காத்து வேணுமே. வெறும் கல்லுதான், சூடான கல்லு. எல்லாரும் உருகிக் கொழகொழன்னு இருக்கும்னு நெனைக்கிறாங்க. மேல இருக்கற பாரத்துல உருகக்கூட முடியாம கெட்டியாத்தான் இருக்கு. ஆனா நகரும். நம்ம நகம் வளர்ற வேகத்துல."

"யாரு சார் அதச் சூடு பண்றது?"

"யாரும் பண்ணல. பூமி உண்டானப்ப இருந்த சூட்டுல மிச்சம் கொஞ்சம். கல்லுக்குள்ள யுரேனியம் மாதிரி சில பொருள் தானா சிதைஞ்சு சூட்டைக் குடுத்துகிட்டே இருக்கு, அது கொஞ்சம். அந்தச் சூடு மெதுவா மேல வந்துகிட்டேதான் இருக்கு. ஒரு ஏக்கர் நிலத்துல வர்றத ஒண்ணா சேத்தா நூறு வாட் பல்பு ரெண்டு எரிக்கலாம்."

தாவீது குனிந்து தன் கால்களைப் பார்த்தார். ஏக்கருக்கு இரண்டு பல்பு. "நீங்க போயிப் பாத்திருக்கீங்களா சார்?"

பரசுராமன் சிரித்துவிட்டார். "யாரும் பாத்ததில்ல. பாக்கவும் முடியாது. மேல இருந்தே கணக்குப் போட்டுச் சொல்றதுதான்."

"அதத்தான் நம்ம உபதேசியாரும் பண்றாரு," என்றார் சுப்பராயன். "அவரு கணக்கு போடறதில்ல, அவ்ளோதான்."

அடுத்த நாள் துளையைச் சிமெண்டு போட்டு அடைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாவீது பிரசங்கம் செய்ய எழுந்து நின்றார். பந்தயத்தில் தோற்றதால் நரகம் கூடாது. அது ஊருக்குத் தெரிந்த காரணம். ஊருக்குத் தெரியாத காரணம், அந்தச் சொல் அவர் வாய்க்கே வரவில்லை என்பது. தான் பயப்படாத ஒன்றைக் காட்டிப் பிறரைப் பயமுறுத்துவது எப்படி என்று புங்கமரத்தடிக்குப் பிறகு அவருக்கு மறந்துபோயிருந்தது. வேறு எதைச் சொல்வதென்றும் தெரியவில்லை. நரகத்தை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சியது மூன்று வாக்கியம். "ஒருத்தரு ஒருத்தருக்கு ஒத்தாசையா இருங்க. வெயில்ல வேல செய்யறவங்களுக்குத் தண்ணி குடுங்க. எழுந்து ஜெபம் சொல்லுவோம்." இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று உலை கொதிப்பதற்குள் பெண்கள் வீடு திரும்பினார்கள். அடுத்த ஞாயிறு வழக்கமாக வராத ஆண்கள் சிலரும் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு பின்வரிசைவரைக்கும் ஆள்.

சுப்பராயனுக்குத்தான் பொழுது போகவில்லை. டீக்கடை பெஞ்சில் தாவீது பேசாமல் உட்கார்ந்திருந்தார். "சும்மா ஒரு தடவ சொல்லுங்க உபதேசியாரே," என்று டெய்லர் கெஞ்சினார். "இங்க வாணாம், ஏரிக்கர பக்கம் போயிடலாம். யாரும் கேக்க மாட்டாங்கோ."

திருவிழாவுக்கு முந்திய நாள் ராஜாமணி சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தார். தாவீது கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டார். ஒரு வேலையில் வஞ்சகம் செய்தேன், அதற்காகப் பயப்படவும் இல்லை என்றார். சாமியார் விவரம் கேட்கவில்லை. வெளியே சப்பரத்துக்குப் பூ வந்துவிட்டது. பரிகாரமாக மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். இதைவிடச் சின்னக் குற்றங்களுக்குத் தாவீது பிள்ளைகளுக்கு நித்திய நரகத்தையே விதித்திருக்கிறார். மூன்று மந்திரம் அவருக்கு அவமானமாக இருந்தது. ஒன்பதாகச் சொன்னார்.

எல்லாம் முடிந்து சாமியார் வண்டியில் ஏறும்போது கூப்பிட்டார்.

"உபதேசியாரே, ஜனங்ககிட்ட விசாரிச்சேன். இப்பெல்லாம் கோயில் நெறையுதாமே. என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல சாமி."

"நரகத்தப் பத்திப் பேசறதில்லயாம். நான் சொன்னத யோசிச்சுப் பாத்தீங்களா? இல்ல அந்த டெய்லர் பந்தயமா?"

தாவீது சொல்ல வாயெடுத்தார். மரத்தடியில் நேர்ந்ததை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பதென்று பார்த்தார். சாமியாரின் கால் கிக்கரின்மேல் இருந்தது.

"பந்தயந்தான் சாமி."

"எதுவா இருந்தா என்ன, நல்லதுதான்." வண்டி உறுமியது. "நீங்களே இருங்க. கிட்டார் பையன வேற பங்குக்கு அனுப்பிடறேன். ஆனா இதே மாதிரி சுருக்கமா இருக்கணும், என்ன?"

புகை அடங்கும்வரை தாவீது அங்கேயே நின்றார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. வீட்டுக்குள் போனபோது லூர்தம்மாள் பாத்திர மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருவிழாவுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"இருக்கச் சொல்லிட்டாரு."

முறம் நின்றது. "வூட்லயா?"

"வூட்லதான்."

"எதுக்காம்?"

"கம்மியா பேசறனாம்."

லூர்தம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புடவை முடிச்சை அவிழ்த்துப் பெரிய அண்டாவை வெளியே எடுத்தாள்.

"கண்ணாலம் கட்ன நாள்லேர்ந்து நானும் அதத்தான் சொல்லிகினு கீறேன்," என்றாள். "எனக்கு யாராச்சும் வூடு குடுத்தாங்களா?"